அட்டைப்பெட்டியில் வைரஸ் எத்தனை நேரம் தாங்கும்?

2020 மார்ச் 25-இல் கொரோனாவால் நாடு முழுக்க ஊரடங்கு தொடங்கியபோது, ஆன்லைனில் அத்தியாவசியப் பொருள்களை மட்டும்தான் விற்கலாம் என்றார்கள். ஆன்லைன் வகுப்புக்குப் போன் வேண்டுமா? காத்திருக்க வேண்டியதுதான். மே 4 முதல் ஆரஞ்சு, பச்சை மண்டலங்களுக்கு மற்ற பொருள்களையும் அனுப்பலாம் என்று மத்திய அரசு விதியைத் தளர்த்தியது. நீலகிரி அப்போது ஆரஞ்சு மண்டலம்.

பார்சல் வந்தது; கூடவே பயமும் வந்தது. பெட்டியைத் தொட்டால் கொரோனா ஒட்டிக்கொள்ளுமோ? ஊரெல்லாம் பெட்டிக்குச் சானிடைசர் தெளித்தார்கள், வெயிலில் வைத்தார்கள். நீலகிரியின் ஓவேலியில் ஆடி மாத மழையில் வெயிலுக்கு எங்கே போவது!

பயத்துக்குக் காரணம் இருந்தது. அட்டையில் 24 மணி நேரம் வரையிலும், பிளாஸ்டிக்கில் 72 மணி நேரம் வரையிலும் இந்த வைரஸ் தாங்கும் என்று அந்த மார்ச்சில்தான் அமெரிக்க ஆய்வகம் ஒன்று கண்டுபிடித்திருந்தது. ஆனால் 72 மணி நேரமும் அது முழு பலத்தோடு இருக்காது. பிளாஸ்டிக்கில் சுமார் 7 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதி செயலிழந்துவிடும். 1,024 வைரஸ் இருப்பதாக வைத்துக் கணக்குப் போடுங்கள்: 512, 256, 128... பத்தாவது முறை, அதாவது 70 மணி நேரத்தில், மிஞ்சுவது ஒன்றே ஒன்று.

அட்டையில் ஏன் இன்னும் சீக்கிரம்? மும்பை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2021-இல் விளக்கினார்கள். எச்சில் துளி காய்ந்த பிறகும் கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் ஒன்று மிஞ்சும். வைரஸ் பிழைப்பது அதில்தான். அட்டையின் நுண்துளைகள் அந்த ஈரத்தை இழுத்துப் பரப்பிச் சீக்கிரம் காயவைத்துவிடும்.

ஓவேலிக்கு வரும் பார்சலை நினைத்துப் பாருங்கள். மைசூர்ப் பக்கமிருந்து வந்தால், பந்திப்பூர்க் காட்டுச் சாலையில் இரவு 9 முதல் காலை 6 வரை லாரி போக முடியாது. பிறகு கூடலூர், அங்கிருந்து தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே மேடேற வேண்டும். கிடங்கில் யாராவது பெட்டிமேல் தும்மியிருந்தாலும், அந்த வைரஸ் வழியிலேயே பெரும்பாலும் அழிந்திருக்கும்.

கிருமி படிந்த பரப்பை ஒருமுறை தொட்டால் தொற்றும் வாய்ப்பு பொதுவாக 10,000-இல் ஒன்றுக்கும் குறைவு என்று 2021 ஏப்ரலில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொன்னது. கொரோனா பெரும்பாலும் மூச்சுக்காற்று வழியாகத்தான் பரவியது. ஆகவே பெட்டியை வாசலில் வைத்துவிட்டுத் தள்ளி நின்ற டெலிவரி அண்ணன் செய்ததுதான் சரியான காரியம். முகக்கவசத்தோடு மலையேறி வந்த அவருக்கு நாம் நிறையக் கடன்பட்டிருக்கிறோம்.

அட்டை ஈரத்தை இழுப்பதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். எவர்சில்வர் தட்டில் ஒரு சொட்டு, அட்டையில் ஒரு சொட்டு தண்ணீர் விடுங்கள். எது முதலில் காய்கிறது? மூடுபனி நாளில் ஒருமுறை, வெயிலடிக்கும் நாளில் ஒருமுறை செய்து, நேரத்தைக் குறித்து வையுங்கள்.