ஒரே விலை, ஒரே இலை

மேலநீலிதநல்லூர்ப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வெளியே சாப்பிடுவதென்றால் அது பெரும்பாலும் சங்கரன்கோவிலில்தான் நடக்கும். கோமதியம்மன் சன்னதிக்கோ, துணி எடுக்கவோ, டாக்டரைப் பார்க்கவோ, ஆடித்தபசுக்கோ வந்தவர்கள் மத்தியானம் ஒரு மணிக்கு ஏதோ ஒரு ஹோட்டல் வாசலில் வந்து நிற்பார்கள். அங்கே இரண்டு வழி உண்டு. மெனு கார்டு வாங்கி ஆளுக்கொன்று சொல்லலாம். அல்லது கல்லாவில் பணம் கட்டி டோக்கன் வாங்கி, இலை போட்டுச் சாப்பாட்டுக்கு உட்காரலாம். இந்த இரண்டாவது வழி தனியாக வருகிற வேலைக்காரர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் லாரி டிரைவர்களுக்கும் உரியது, குடும்பத்தோடு வந்தால் மெனு கார்டுதான் கௌரவம் என்ற எண்ணம் இப்போது பரவிவருகிறது. உண்மையில் குடும்பத்துக்குப் பொருந்துவது சாப்பாடுதான். பணம் மிச்சம் என்பது அதற்கு ஒரு சிறிய காரணம். ஒரே வீட்டுக்காரர்களுக்குள் இருக்கிற ஏற்றத்தாழ்வை அது அந்த ஒரு வேளைக்காவது எடுத்துவிடுகிறது என்பதே பெரிய காரணம்.

மெனு கார்டை எல்லாரும் ஒரே மாதிரி படிப்பதில்லை. பிள்ளைகள் பண்டத்தின் பெயரைப் படிப்பார்கள். பெரியவர்கள் விலையைப் படிப்பார்கள். மகன் சொல்லி, மகள் சொல்லி, அப்பாவும் சொல்லி முடித்தபின் அம்மாவின் முறை வரும்போது மொத்தம் எங்கே போய் நிற்கும் என்று அவர் மனசுக்குள் கூட்டி முடித்திருப்பார். “எனக்கு அவ்வளவா பசி இல்ல, பிள்ளைய மிச்சம் வைக்கிறத எடுத்துக்கிடுதேன்” என்பார். ஆச்சிக்கு ரெண்டு இட்லி போதும். யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனாலும் தியாகம் ஒரே திசையில்தான் போகிறது. இது ஹோட்டலில் பிறந்த வழக்கமும் இல்லை. 2011-12-இல் நடந்த இந்திய மனித வளர்ச்சி ஆய்வு, வீட்டில் பெண்கள் ஆண்களோடு சேர்ந்து சாப்பிடுகிறார்களா, அவர்களுக்குப் பிறகு சாப்பிடுகிறார்களா என்பதைத் தனிக் கேள்வியாகவே வைத்தது. கேட்க வேண்டிய கேள்வி என்று ஆய்வாளர்கள் நினைக்கிற அளவுக்கு இந்த வரிசை நம் நாட்டில் வேரோடியிருக்கிறது. சமைத்தவர் கடைசியில், அடிச்சட்டியில் இருப்பதைச் சாப்பிடுகிற பழக்கத்துக்கு மெனு கார்டு ஒரு விலைப்பட்டியலையும் சேர்த்துக் கொடுக்கிறது.

சாப்பாட்டில் இதற்கு இடமே இல்லை. ஓர் இலை 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பேருக்கு 500 ரூபாய் என்பது உட்காருவதற்கு முன்பே முடிந்துபோன கணக்கு. அதற்குப் பிறகு இரண்டாம் முறை சாம்பார் கேட்டாலும், ரசத்துக்கு இன்னும் கொஞ்சம் சோறு கேட்டாலும் பில் ஒரு பைசா ஏறாது. குறைத்துச் சாப்பிட்டால் வீட்டுக்கு மிச்சம் பிடிக்கலாம் என்ற வழி அடைபட்டுப்போவதால், அம்மாவுக்குப் ‘பசி இல்லாமல்’ போக வேண்டிய அவசியமும் போய்விடுகிறது. பொரியல் வாளியோடு வருகிறவர் அப்பா இலையில் ஒரு கரண்டி, அம்மா இலையில் அரைக் கரண்டி என்று பார்த்து வைப்பதில்லை. வீட்டில் எல்லாருக்கும் பரிமாறுகிறவர் இங்கே பரிமாறப்படுகிறார், அதுவும் மற்றவர்களுக்கு எந்த நேரமோ அந்த நேரத்திலேயே.

எவ்வளவு கேட்டாலும் போடுவதால் ஹோட்டலுக்குக் கட்டுபடியாகுமா என்ற கேள்வி நியாயமானது. பரிமாறுகிற முறையிலேயே அதற்கு விடை இருக்கிறது. சோறு, சாம்பார், ரசம், மோர் ஆகியவற்றுக்குக் கணக்கில்லை. அப்பளமும் இனிப்பும் எண்ணி வைக்கப்படுகின்றன. நெய் பருப்புக்கு ஒரு கரண்டியோடு சரி. செலவு குறைந்ததில் கை தாராளம், கூடியதில் கை இறுக்கம். முதலில் பருப்பு, பிறகு சாம்பார் என்று கெட்டியானது முன்னால் வருவதால், ரசத்துக்கு வரும்போதே பெரும்பாலானவர்களின் வயிறு அளவு சொல்லிவிடும். நாலு தடவை சோறு வாங்குகிற இளைஞரின் செலவை, ஒரு தடவையோடு கைகழுவுகிற முதியவர் ஈடுகட்டுகிறார். பீன்ஸ் விலை ஏறினால் பலகையில் விலையை மாற்றாமல் பொரியலை முட்டைக்கோசுக்கோ பூசணிக்கோ மாற்றிவிடலாம். என்ன சமைப்பது என்ற முடிவு சமையலறையிடம் இருப்பதால்தான் விலையை ஒரே இடத்தில் நிறுத்த முடிகிறது. ஆளுக்கொன்று கேட்கிற ஹோட்டலில், கேட்கப்படாமல் வீணாகப்போகும் பண்டங்களின் செலவும் கேட்ட பண்டத்தின் விலையில்தான் ஏறும்.

காசு கொடுத்தால் எல்லாருக்கும் ஒரே இலை என்ற நிலை தானாக வந்துவிடவில்லை. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15(2) பிரிவு, கடைகளிலும் பொது உணவகங்களிலும் சாதி மத வேறுபாட்டின் பேரில் யாரையும் தடுக்கக் கூடாது என்று சொல்ல வேண்டியிருந்தது. 1955-இல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் அதற்குத் தண்டனையும் வைத்தது. அதன் பிறகும், சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கபே பலகையில் இருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை நீக்கக் கோரிப் பெரியாரின் இயக்கம் 1957-இல் மாதக்கணக்கில் மறியல் செய்தது. தென்மாவட்டங்களின் டீக்கடைகளில் இரட்டைக் குவளை அதற்குப் பிறகும் பல காலம் நீடித்தது. போர்க்காலத்து பிரிட்டனில் இதே கேள்வி பணத்தின் பக்கமிருந்து எழுந்தது. ரேஷனுக்கு வெளியே வசதியுள்ளவர்கள் ஹோட்டல்களில் விருந்து சாப்பிடுகிறார்கள் என்ற மனக்குறை பெருகியதால், ஒரு வேளை உணவுக்கு 5 ஷில்லிங்குக்கு மேல் வாங்கக் கூடாது என்று 1942-இல் அரசு உத்தரவு போட்டது. ஒரே விலை என்பது வெறும் வியாபார வசதி அல்ல, ஒரு மேசையில் யார் யாருக்குச் சமம் என்பதைச் சொல்கிற ஏற்பாடு என்று இரண்டு இடத்திலும் தெரிந்திருந்தது. முன்பின் தெரியாதவர்களுக்கு நடுவில் கிடைத்த அந்தச் சமத்துவம் ஒரே வீட்டுக்காரர்களுக்கு நடுவிலும் வேண்டியதுதான்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவதில் வலுவானது ஆச்சியையும் குழந்தையையும் பற்றியது. இரண்டு கைப்பிடி சோறு சாப்பிடுகிறவர் முழு இலைக்கு ஏன் பணம் கட்ட வேண்டும்? ஒரு சாப்பாட்டை இருவர் பகிரக் கூடாது என்று பலகை வேறு தொங்குகிறது. அந்த விதி இல்லாவிட்டால் ஓர் இலையில் நாலு பேர் சாப்பிட்டு, ஒரே விலை என்ற ஏற்பாடே கவிழ்ந்துவிடும். ஆகவே ஹோட்டலைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் குறை உண்மையானது. அளவுச் சாப்பாடு அதற்குப் பாதி மருந்து. வீட்டுக்கு எடுத்துப்போகிற பார்சல் சாப்பாடு இன்னொன்று: பல ஊர்களில் ஒரு பார்சல் ஓர் ஆளுக்கு மிஞ்சும் என்பதால் நாலு பேர் உள்ள வீட்டில் மூன்று வாங்குவார்கள். என்றாலும் சரியான தீர்வு, சிறுவருக்கும் முதியவருக்கும் பாதி விலையில் ஓர் இலை போடுவதுதான். அவர்கள் சாப்பிடுகிற அளவுக்கு அந்த விலையிலும் ஹோட்டலுக்கு நஷ்டம் வராது. முழுக் குடும்பமும் உள்ளே வரும்.

வீணாகிறது என்பது அடுத்த குறை. எவ்வளவும் கிடைக்கும் என்றால் இலையில் மிச்சம் வைப்பார்களே என்பார்கள். பஃபேயில் அந்த ஆபத்து அதிகம். அங்கே கண் பார்த்து கை எடுக்கிறது. இலைச் சாப்பாட்டில் “சோறு போடவா” என்று கேட்டுத்தான் போடுகிறார்கள். போதும் என்று கையை இலைக்கு மேலே காட்டினால் கரண்டி நின்றுவிடும். மிச்சம் வைப்பது முறையின் குற்றத்தைவிட, கேட்கிறபோது சரியாகச் சொல்லாத நம் பழக்கத்தின் குற்றம். விருப்பத்துக்கு இடமில்லை, பரோட்டா கேட்கிற பையனைச் சாம்பார் சோற்றில் உட்கார வைக்கலாமா என்றும் கேட்பார்கள். சங்கரன்கோவில் மட்டன் பிரியாணிக்கும் பேர்போன ஊர். வருகிறவர்கள் அதைச் சாப்பிடாமல் போக வேண்டும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் ஆளாளுக்கு விருப்பம் என்று சொல்லும்போது அது யாருடைய விருப்பம் என்றும் பார்க்க வேண்டும். ஐந்து பேர் குடும்பத்தில் மூன்று பேர் விரும்பியதைச் சொல்லி, மீதி இருவர் மிச்சத்துக்குக் காத்திருந்தால், அங்கே விருப்பம் எல்லாருக்கும் கிடைத்துவிட்டதாகச் சொல்ல முடியாது. எல்லாரும் பிரியாணி என்று முடிவெடுத்து ஆளுக்கொரு பிளேட் சொல்கிற குடும்பமும் ஒரே இலையின் நியாயத்தைத்தான் கடைப்பிடிக்கிறது.

ஆகவே கடை எது, சைவமா அசைவமா என்பதெல்லாம் அவரவர் நாக்கின் காரியம். பார்க்க வேண்டியது, விலையை முதலில் பேசி முடித்துவிட்டு உட்காருகிறோமா, ஒவ்வொருவரும் உட்கார்ந்த பிறகு மனசுக்குள் பேசிக்கொள்ளட்டும் என்று விடுகிறோமா என்பதுதான். இரண்டாவது வகையில் கணக்குப் போடுகிற வேலை எப்போதும் ஒருவர் தலையிலேயே விழுகிறது. வீட்டில் அடுப்படியில் நிற்கிறவரும் அவர்தான். அவருக்காகத்தான் வெளியே சாப்பிட வந்தோம் என்பது உண்மையானால், டோக்கனை ஆள் கணக்குக்கு எண்ணி வாங்குவதே முறை.