மெய்நிகர் கருவியும் மலையக வகுப்பறையும்: ஊவாவுக்கு எது முதலில் தேவை?

கல்வித் துறையில் புதிய சாதனம் ஒன்று அறிமுகமாகும் ஒவ்வொரு தடவையும், பின்தங்கிய பாடசாலைகளின் குறைகள் அதனால் தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கையும் கூடவே எழுகின்றது. வானொலி வந்தபோதும், தொலைக்காட்சி வந்தபோதும், கணினி வந்தபோதும் இவ்வாறே பேசப்பட்டது. இன்று அந்த வரிசையில் ‘மெய்நிகர் யதார்த்தம்’ எனப்படும் தொழில்நுட்பம் வந்து நிற்கின்றது. பதுளை மாவட்டத்தின் தோட்டப் பாடசாலைகளுக்கு இது எவ்வளவு தூரம் பயன்படும் என்பதை நாம் நிதானமாக நோக்குவது அவசியமாகும்.

முதலில் இத்தொழில்நுட்பம் யாது என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம். கண்களை முழுமையாக மூடும் வகையில் தலையில் அணியப்படும் கருவியொன்றினுள், இரு கண்களுக்கும் சற்றே வேறுபட்ட இரு படங்கள் காட்டப்படுகின்றன. மூளை அவ்விரண்டையும் இணைத்து ஆழமுள்ள ஒரே காட்சியாக உணர்கின்றது. தலை திரும்பும் திசையை உணரிகள் அறிந்து, காட்சியையும் அதற்கேற்ப மாற்றுகின்றன. இதனால் பார்ப்பவர் தாம் அந்த இடத்திலேயே நிற்பதாக உணர்கின்றார். 1968 ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானி ஐவன் சதர்லாந்து உருவாக்கிய இத்தகைய கருவி, பாரம் காரணமாகக் கூரையிலிருந்து தொங்கவிடப்பட வேண்டியிருந்தது. இன்று அது ஒரு பைக்குள் அடங்கிவிடுகின்றது.

வகுப்பறைக்குள் இதனைப் பரவலாகக் கொண்டுவர முயன்றது கூகிள் நிறுவனமாகும். 2014 இல் காகித அட்டையும் இரு வில்லைகளும் கொண்ட மலிவான பார்வைக் கருவியை அந்நிறுவனம் அறிமுகப்படுத்தியது. திறன்பேசியை அதனுள் செருகினால் போதும். 2015 இல் ‘எக்ஸ்பெடிஷன்ஸ்’ என்ற திட்டத்தின் மூலம், ஆசிரியர் வழிகாட்ட மாணவர்கள் பவளப் பாறைகளையும் தொல்லியல் தலங்களையும் வகுப்பிலிருந்தே சுற்றிப் பார்க்க வழி பிறந்தது. ஆனால் 2021 இல் அட்டைக் கருவியின் விற்பனையும் எக்ஸ்பெடிஷன்ஸ் செயலியும் நிறுத்தப்பட்டன. அச்செயலியை நம்பிப் பாடங்களைத் திட்டமிட்ட ஆசிரியர்கள் வேறு வழி தேட நேர்ந்தது. பிறர் கையிலுள்ள சேவையொன்றின் மீது பாடத்திட்டத்தைக் கட்டியெழுப்புவதிலுள்ள ஆபத்தை இது உணர்த்துகின்றது.

அதைவிட முக்கியமான வினா, இக்கருவியால் மாணவர் உண்மையில் கூடுதலாகக் கற்கின்றனரா என்பதாகும். 2019 இல் மக்ரான்ஸ்கி, மேயர் முதலானோர் வெளியிட்ட ஆய்வொன்றில், 52 பல்கலைக்கழக மாணவர்கள் ஒரே ஆய்வுகூடப் பயிற்சியைத் தலைக்கருவியிலும் சாதாரணக் கணினித் திரையிலும் மேற்கொண்டனர். தலைக்கருவியில் தாம் ஆய்வுகூடத்திலேயே இருப்பதாக மாணவர்கள் கூடுதலாக உணர்ந்தனர். ஆனால் கற்றுக்கொண்டதோ குறைவு. காட்சியின் கவர்ச்சி பாடத்தின் மீதான கவனத்தைப் பங்கிட்டுக்கொண்டது எனலாம். அதற்கு முன்னர், 2018 இல் பரோங், மேயர் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு ஒரு நல்ல வழியையும் காட்டியது. பாடத்தைப் பகுதி பகுதியாக நிறுத்தி, பார்த்ததைச் சொந்த வார்த்தைகளில் சுருக்கி எழுதிய மாணவர்கள், இடைவிடாது பார்த்தவர்களைவிட நன்கு கற்றனர். நிறுத்தச் சொல்லவும், வினா எழுப்பவும், எழுதியதைத் திருத்தவும் ஓர் ஆசிரியர் தேவை என்பதை இதிலிருந்து நாம் விளங்கிக்கொள்ளலாம். தொழில்நுட்பம் ஆசிரியருக்குத் துணையாக அமைய வேண்டுமேயன்றி, அவரது இடத்தைப் பிடிக்கக் கூடாது என்று யுனெஸ்கோவின் 2023 ஆம் ஆண்டு உலகக் கல்வி அறிக்கையும் வலியுறுத்தியது.

இனி ஊவாவுக்கு வருவோம். தோட்டப் பாடசாலைகள் 1970களின் பிற்பகுதியிலிருந்து படிப்படியாக அரசின் பொறுப்பில் எடுக்கப்பட்டன. பின்னர் சுவீடன், ஜேர்மனி ஆகிய நாடுகளின் உதவியுடன் கட்டடங்கள் எழுந்தன, ஆசிரியர்கள் பயிற்றப்பட்டனர். கொட்டகலை பத்தனையில் ஸ்ரீ பாத தேசிய கல்வியியற் கல்லூரி உருவானது. இவற்றால் மலையகக் கல்வி கண்ட முன்னேற்றத்தை மறுப்பதற்கில்லை. எனினும் பசறை, லுணுகலை, மடுல்சீமை, ஹாலி எல, அப்புத்தளை, ஹல்துமுல்லை எனப் பரந்து கிடக்கும் தோட்டங்களின் பாடசாலைகளுள் கணிசமானவை இன்றும் ஆரம்பப் பிரிவை மாத்திரமே கொண்டவை. தமிழ்மொழி மூலம் விஞ்ஞானமும் கணிதமும் உயர்தரத்தில் கற்க விரும்பும் பிள்ளை பெரும்பாலும் நகரத்தை நாட வேண்டியுள்ளது. தமிழ்மொழி மூல விஞ்ஞான, கணித ஆசிரியர் பற்றாக்குறை மாவட்டத்தின் முஸ்லிம் பாடசாலைகளுக்கும் புதியதன்று. தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளையும் வெலிமடையின் முஸ்லிம் பிள்ளையும் ஒரே பாடநூலைக் கையில் வைத்துக்கொண்டு ஒரே குறையை எதிர்நோக்குகின்றனர்.

இணைய வசதியைப் பொறுத்தவரை, கொரோனாக் காலம் நமக்கு ஒரு கண்ணாடியாக அமைந்தது. 2021 இல் லுணுகலைப் பகுதியில், இணைய அலை கிடைக்கும் மலையுச்சியிலுள்ள மரக்குடில் ஒன்றுக்குப் பெற்றோர் தம் பிள்ளைகளை அழைத்துச் சென்ற செய்தி உலக ஊடகங்களில் வெளிவந்தது. கற்க வேண்டும் என்ற ஆர்வத்தில் நம் பிள்ளைகள் எவருக்கும் பின்தங்கியவர்கள் அல்லர் என்பதற்கும், அடிப்படை வசதி எவ்வளவு தூரத்தில் இருந்தது என்பதற்கும் அம்மரக்குடில் ஒருங்கே சான்றாகும்.

செலவையும் கணக்கிட்டுப் பார்ப்போம். 2024 ஒக்டோபரில் சந்தைக்கு வந்த, ஒப்பீட்டளவில் மலிவான மெட்டா குவெஸ்ட் 3எஸ் கருவியின் அப்போதைய அமெரிக்க விலை ஏறத்தாழ 300 டொலராக இருந்தது. அன்றைய நாணய மாற்று வீதத்தில் இது ஏறத்தாழ 87,000 ரூபாவுக்கு மேல். அதற்கு முந்திய மாதம் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. ஆக, ஒரே ஒரு கருவியின் விலை அன்று சுமார் 65 நாட் கொழுந்து பறிப்புக்குச் சமமாக இருந்தது. வரியும் பழுதுபார்ப்புச் செலவும் இதில் சேரவில்லை. மேலும், பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் இக்கருவியைப் பயன்படுத்த உற்பத்தி நிறுவனமே அனுமதிப்பதில்லை. அவ்வாறாயின், ஐந்தாம் தரம் வரை மாத்திரமே உள்ள தோட்டப் பாடசாலையொன்றுக்கு இதனை வழங்குவதில் அர்த்தம் ஏதுமில்லை.

மொழியும் ஒரு தடையாகும். உலகச் சந்தையில் கிடைக்கும் பாடங்களில் மிகப் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் அமைந்தவை. நமது பாடத்திட்டத்தைக் கருத்திற்கொண்டு ஆக்கப்பட்டவையும் அல்ல. விளக்கம் புரியாத பிள்ளைக்கு மிகத் தத்ரூபமான காட்சியும் வெறும் வேடிக்கையாகவே முடியும்.

அவ்வாறாயின் இத்தொழில்நுட்பம் நமக்கு வேண்டாத ஒன்றா? அவ்வாறு கூறிவிடுவதும் தவறாகும். ஆய்வுகூடம் இல்லாத பாடசாலையில் ஆபத்தான இரசாயனப் பரிசோதனையைக் காட்டவும், குருதிச் சுற்றோட்டத்தையோ கோள்களின் இயக்கத்தையோ முப்பரிமாணத்தில் விளக்கவும் இது உதவும். ஊவாவுக்கே உரிய ஒரு தேவையும் உண்டு. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயன் அறைகள் மண்ணில் புதையுண்டதை நாம் மறக்க முடியாது. 2025 நவம்பரில் டித்வா சூறாவளியின்போதும் பதுளை மாவட்டம் மண்சரிவுகளுக்கு உயிர்களைப் பறிகொடுத்தது. நிலத்தில் தோன்றும் வெடிப்பு, சாயத் தொடங்கும் மரங்கள், திடீரெனக் கலங்கி ஊறும் அல்லது வற்றிப்போகும் ஊற்று ஆகிய அறிகுறிகளை நமது மலைச்சரிவுகளிலேயே சுற்றுப்பார்வைக் கமராவால் படமாக்கித் தமிழ் விளக்கத்துடன் வழங்கினால், அது உயிர்காக்கும் பாடமாக அமையும். அனர்த்தத்தையே தத்ரூபமாகக் காட்டுவது கூடாது. உறவுகளை இழந்த பிள்ளைகளும் அவ்வகுப்பில் இருக்கக்கூடும்.

இத்தகைய பாடத்தைத் தயாரிக்க வெளிநாட்டு நிறுவனத்தை எதிர்பார்த்திருக்க வேண்டியதில்லை. 2005 இல் ஆரம்பிக்கப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் பதுளையிலேயே இயங்குகின்றது. அதன் கணினித் துறை மாணவர்களும், மாகாணக் கல்வித் திணைக்களமும், தமிழ்மொழி மூல ஆசிரியர்களும் கைகோர்த்தால் ஆண்டுக்குச் சில பாடங்களையேனும் உருவாக்கலாம். அவை இணையமின்றி இயங்குவனவாகவும், தலைக்கருவி இல்லாத இடத்தில் சாதாரணத் திரையிலும் பார்க்கக்கூடியனவாகவும் அமைவது அவசியம். முன்னர் குறிப்பிட்ட 2019 ஆய்வின்படி திரையில் கற்றவர்களே நன்கு கற்றனர் என்பதால், இது குறைந்த தரமான மாற்றுவழியாகாது. தலைக்கருவிகளை ஒவ்வொரு பாடசாலைக்கும் ஒன்றிரண்டாகப் பகிர்ந்து அலுமாரியில் பூட்டிவைப்பதைவிட, வலயத்துக்கு ஒரு தொகுதியாக வாங்கி, பயிற்றப்பட்ட ஆசிரியர் ஒருவரின் பொறுப்பில் இடைநிலைப் பாடசாலைகளுக்குச் சுழற்சி முறையில் கொண்டுசெல்வது பயன்தரும்.

மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்த 200 ஆண்டு நிறைவையொட்டி, 2023 இல் இந்தியா 75 கோடி இந்திய ரூபா உதவித் திட்டத்தை அறிவித்தது. இத்தகைய உதவிகள் இனியும் வரலாம். அப்போது நமது பிரதிநிதிகளும் கல்வி அதிகாரிகளும் திறப்பு விழாவுக்குப் பொருத்தமான கருவி எது என்று தேடுவதை விடுத்து, விஞ்ஞான ஆசிரியர், ஆய்வுகூடம், தமிழ்ப் பாடங்கள், ஒரு நல்ல திரை, அதன் பின்னரே தலைக்கருவி என்ற ஒழுங்கில் கோரிக்கைகளை முன்வைக்க வேண்டும். பெற்றோரும் பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களும் தமது பாடசாலைக்கு இவற்றில் எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று கேட்கத் தயங்கலாகாது. மலையுச்சிக்கு ஏறிப் பாடம் படித்த பிள்ளைகளுக்கு நாம் செய்ய வேண்டிய கைம்மாறு அதுவே.