குருதியை ருசிபார்க்கும் இடம்

வன்னியில் ஒரு தாய் தன் மகனை வைத்தியசாலைக்குக் கூட்டிவந்தால் "சத்தி" என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்தமாட்டாள். "சாப்பிட்ட கையோட எதுக்களிக்குது" என்பாள். இல்லாவிட்டால் "வயித்தைப் பிரட்டுது, ஆனா சத்தி வரேல்லை" என்பாள். அதுவும் இல்லையென்றால் "காலமை பல்லுத் தீட்டேக்க ஓங்காளம்" என்பாள்.

இவை ஒரே வருத்தத்துக்கான வேறு வேறு பெயர்கள் அல்ல. வயிற்றுப் பிரட்டு ஓர் உணர்வு. பெயரில் வயிறு இருந்தாலும் அது எழுவது மூளையில். ஓங்காளம் என்பது உதரவிதானமும் வயிற்றுத் தசைகளும் சேர்ந்து உதறுவது. வெளியே எதுவும் வராது. சத்தியில் உள்ளே இருப்பது பாய்ந்து வெளியேறுகிறது. எதுக்களிப்பில் பிரட்டலும் இல்லை, உதறலும் இல்லை. சாப்பாடு தானாகத் தொண்டைக்கு ஏறுகிறது. நான்குக்கும் காரணங்கள் வேறு, வைத்தியமும் வேறு. ஒரு மாதத்துக்கு மேல் நீளும் குமட்டலையும் சத்தியையும் நாட்பட்டது என்று மருத்துவம் வகுக்கிறது. அப்படி வரும் ஒருவரிடம் இந்த நான்கில் எது என்று கேட்டுத் தெளிவதுதான் முதல் சோதனை. அதற்கு ஊசியும் வேண்டாம், இயந்திரமும் வேண்டாம். கிளினிக் கொப்பியில் இந்த நான்கையும் "சத்தி" என்று ஒன்றாக எழுதிவிட்டால், தாய் கொண்டுவந்து தந்த நோயறிதலில் பாதி அங்கேயே தொலைந்துபோகிறது.

செட்டிகுளம் பக்கத்து விவசாயி ஒருவரை மனதில் வைத்துக்கொள்வோம். வயது ஐம்பது. வயலும் கொஞ்சம் தோட்டமும். இரண்டு மாதமாகக் காலையில் ஓங்காளம், சில நாள் சத்தி. மீன் குழம்பு மணந்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். வாயில் இரும்பு வைத்த மாதிரி ஒரு ருசி. "கஸ்ரிக்தான்" என்று அவரே முடிவுகட்டி, பாமசியில் ஒமிப்பிரசோல் வாங்கிப் போடுகிறார். குறையவில்லை. அவருடைய வயிற்றில் ஒரு குறையும் இல்லை என்பதுதான் இந்தக் கதையில் விசித்திரம்.

சத்தி எடுக்கும்போது இரைப்பைதான் உள்ளிருப்பதை வீசி எறிகிறது என்று நினைக்கிறோம். உண்மையில் அந்த நேரத்தில் இரைப்பை தளர்ந்து கிடக்கிறது. முதலில் வாய் ஊறுகிறது; வரப்போகும் அமிலத்திலிருந்து பல்லைக் காக்க உமிழ்நீர் பெருகுகிறது. பிறகு சிறுகுடலின் நடுப்பகுதியிலிருந்து ஒரு பெரிய சுருக்க அலை, வழக்கத்துக்கு மாறாக மேல்நோக்கிப் புறப்பட்டு, குடலில் உள்ளதை இரைப்பைக்குத் திருப்பி அனுப்புகிறது. மூச்சு நிற்கிறது, குரல்வளை மூடிக்கொள்கிறது. உதரவிதானமும் வயிற்றுச் சுவரும் இரண்டு பக்கத்தாலும் நெருக்க, நடுவில் அகப்பட்ட இரைப்பை பிதுங்குகிறது. இத்தனையும் ஒழுங்கு பிசகாமல் நடப்பதற்கான கட்டளை பிடரிக்கு உள்ளே, மூளைத்தண்டிலிருந்து வருகிறது.

அந்தக் கட்டளையைத் தூண்டிவிடும் ஓர் இடம் இருக்கிறது. மூளையின் நான்காம் அறையின் தரையில், அடிக்கோடியில், சில மில்லிமீற்றர் மட்டுமே உள்ள ஒரு புள்ளி. மூளையின் மற்ற இடங்களில் குருதிக்குழாய்ச் சுவர் காவற்காரன் போல நின்று பெரும்பாலான இரசாயனங்களை உள்ளே விடாது. இந்தப் புள்ளியில் அந்தக் காவல் இல்லை. குருதியில் என்ன ஓடுகிறதோ அது அப்படியே இங்குள்ள நரம்புக் கலங்களைத் தொடுகிறது. நாக்குக்குத் தப்பி உள்ளே போன நஞ்சை இரண்டாவது முறையாக ருசிபார்க்கும் இடம் இது.

1950களில் போரிசன், வாங் என்ற இரு ஆய்வாளர்கள் நாய்களிலும் பூனைகளிலும் இதை நிறுவினார்கள். இந்தப் புள்ளியை அழித்தபின், குருதிவழியாகச் சத்தியைத் தூண்டும் அப்போமோர்ஃபினைச் செலுத்தினால் நாய் சத்தி எடுக்கவில்லை. ஆனால் செப்பு சல்பேற்றை வாய்வழியே கொடுத்தபோது எடுத்தது. ஆக, சத்திக்கு இரண்டு வாசல்கள். ஒன்று குருதி. மற்றது குடலிலிருந்து மூளைக்கு ஏறும் வேகசு நரம்பு. உடலிலுள்ள செரட்டோனின் என்ற இரசாயனத்தில் பத்தில் ஒன்பது பங்கு குடலில்தான் இருக்கிறது. குடற்சுவர் எரிச்சல் கண்டால் அதை அவிழ்த்துவிட்டு அந்த நரம்பைத் தட்டுகிறது. புற்றுநோய் மருந்து ஏற்றுபவர்களுக்குக் கொடுக்கும் ஒண்டன்செட்ரோன் முக்கியமாக இந்தத் தட்டலைத்தான் அடக்குகிறது.

எல்லா உயிர்க்கும் இந்த வெளியேற்றும் வழி வாய்க்கவில்லை. எலியால் சத்தி எடுக்க முடியாது. வயிற்றைப் பிரட்டினால் அது களிமண் தின்கிறது. ஆய்வுகூடத்தில் எலி எவ்வளவு களிமண் தின்றது என்று நிறுத்துப் பார்த்துத்தான் அதன் குமட்டலை அளக்கிறார்கள்.

பிள்ளைத்தாய்ச்சிகளின் மசக்கைக்கும் இதே புள்ளியோடு தொடர்பு இருப்பது அண்மையில்தான் வெளிச்சத்துக்கு வந்தது. கருவும் சூல்வித்தகமும் சுரக்கும் ஜீ.டீ.எஃப்.15 என்ற ஹோர்மோன் தாயின் குருதியில் ஏறுகிறது. அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பி மூளையின் இந்தப் பின்பகுதியில்தான் இருக்கிறது. 2023 இல் வெளியான ஆய்வொன்று, கர்ப்பத்துக்கு முன் இந்த ஹோர்மோன் குறைவாக இருந்த பெண்களுக்கு மசக்கை கடுமையாக வருவதைக் காட்டியது. பழக்கமில்லாத ஒன்று குருதியில் சட்டென்று கூடும்போது அந்தப் புள்ளி திடுக்கிடுகிறது. "ஒண்டுமில்லை, எல்லாருக்கும் வாறதுதான்" என்று சொல்லிக் கடக்கப்பட்ட எத்தனை பெண்கள், தண்ணீர்கூட உள்ளே நிற்காமல் சுருண்டு கிடந்திருப்பார்கள்! அவர்கள் சொன்னது நடிப்பல்ல, இரசாயனம் என்பதற்கு இத்தனை காலம் தாழ்த்திச் சாட்சி கிடைத்திருக்கிறது.

சரி, நாட்பட்ட சத்தியோடு வரும் ஒருவருக்கு எந்த வாசல் திறந்து கிடக்கிறது என்று எப்படி அறிவது? நல்ல வைத்தியர் முதலில் "எப்ப?" என்று கேட்பார். சாப்பிட்டுப் பல மணி நேரம் கழித்து, காலையில் தின்ற புட்டு மாலையில் அப்படியே வருகிறதா? இரைப்பையின் வாசலில் அடைப்பு இருக்கலாம். கமரா விட்டுப் பார்த்து அடைப்பு இல்லையென்றால், நீண்டகாலச் சலரோகம் நரம்பைக் கெடுத்து இரைப்பையைச் சோம்பவைத்திருக்கலாம். அதை உறுதிசெய்ய மெல்லிய கதிரியக்கம் கலந்த உணவைக் கொடுத்து, நான்கு மணி நேரம் கழித்துப் படம் எடுக்கிறார்கள். பத்து வீதத்துக்கு மேல் இன்னும் இரைப்பையில் தங்கியிருந்தால் அது தாமதம். தலையிடியோடு விடியற்காலையில் சத்தி என்றால் தலைக்குள் அழுத்தம் கூடியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். மாதக்கணக்கில் சுகமாக இருந்துவிட்டுத் திடீரென்று இரண்டு நாள் நிற்காமல் எடுத்து, மறுபடி சுகமாகிறவர்களுக்கு வருவது சுழற்சிச் சத்தி. ஒற்றைத் தலைவலிக்கு உறவுக்காரன். 1882 இல் சாமுவேல் ஜீ என்ற ஆங்கில வைத்தியர் இதைப் பிள்ளைகளில் கண்டு விவரித்தார்; வளர்ந்தவர்களுக்கும் வரும். இளைஞர் ஒருவர் சுடுதண்ணீரில் குளித்தால்தான் பிரட்டல் அடங்குகிறது என்றால், கூச்சப்படாமல் கஞ்சாவைப் பற்றிக் கேட்கவேண்டும். வருடக்கணக்காகப் புகைப்பவர்களுக்கு இப்படி வருவதை 2004 இல் தென் அவுஸ்திரேலிய வைத்தியர்கள் எழுதினார்கள்.

பிறகு மருந்துப் பையைக் கொட்டிப் பார்க்கவேண்டும். சலரோகத்துக்குப் போடும் மெற்போமின், இரும்புக் குளிசை, இதயத்துக்குக் கொடுக்கும் டிகொக்சின் எல்லாம் குமட்டவைக்கக் கூடியவை. நாரி நோவுக்குப் பாமசியில் வாங்கும் டைக்குளோபெனக் இரைப்பையையும் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

நம் செட்டிகுளத்துக்காரரிடம் திரும்புவோம். காலையில் ஓங்காளம், இரும்பு ருசி, மீனில் வெறுப்பு. இவை மூன்றும் சேர்ந்து வயிற்றை அல்ல, சிறுநீரகத்தைச் சுட்டுகின்றன. சிறுநீரகம் வடிக்கவேண்டிய கழிவு குருதியில் தேங்குகிறது. யூரியா உமிழ்நீரில் ஊறி, வாயிலுள்ள பற்றீரியா அதை அமோனியாவாக்க, ருசி கெடுகிறது. மூளைத்தண்டின் அந்தச் சிறிய புள்ளியோ, குருதியில் ஏதோ பிழை என்று ஓயாமல் அறிவித்துக்கொண்டிருக்கிறது. அவர் நஞ்சு எதுவும் தின்னவில்லை. அவருடைய உடல் தானே ஆக்கிய கழிவைத்தான் அந்தப் புள்ளி நஞ்சென்று எண்ணி வெளியேற்றப் பார்க்கிறது.

வன்னியில் இதை முதலிலேயே நினைக்கவேண்டிய காரணம் இருக்கிறது. 1990களின் நடுப்பகுதியில் மாகாண எல்லைக்கு அப்பால் மதவாச்சி, பதவிய போன்ற இடங்களில், சலரோகமும் இல்லாமல் பிரஷரும் இல்லாமல் விவசாயிகளின் சிறுநீரகம் பழுதாவதை வைத்தியர்கள் கவனித்தார்கள். வவுனியா தெற்கு, செட்டிகுளம், முல்லைத்தீவு மாவட்டத்தின் மணலாறு என்று வரண்ட வலயத்தின் இந்தப் பக்கத்திலும் அந்த நோய் இருக்கிறது. நிலத்தடிநீரின் கடினத்தன்மையும் புளோரைட்டும், வயல் இரசாயனங்கள், கன வெயிலில் தண்ணீர் குடியாமல் உழைப்பது என்று பல காரணங்களை ஆராய்ந்திருக்கிறார்கள்; ஒன்றும் தனியாக நிறுவப்படவில்லை. கிளைபோசேற் என்ற களைகொல்லியை 2015 இல் இலங்கை அரசு தடைசெய்தது, பிறகு தளர்த்தியது. எல் சல்வடோர், நிக்கரகுவாக் கரும்புத் தோட்டங்களிலும், ஆந்திராவின் உத்தானம் பகுதியிலும் இதை ஒத்த நோய் இருக்கிறது. எல்லாம் வெயில் காயும் ஊர்கள், குனிந்து உழைக்கும் மனிதர்கள்.

இந்த நோய் ஓசையில்லாமல் வருவதுதான் எனக்கு அச்சம் தருகிறது. இரண்டு சிறுநீரகத்திலும் சேர்த்து ஏறத்தாழ இருபது இலட்சம் வடிகட்டிகள். அதில் பாதி போகும்வரை குருதியிலுள்ள கிரியற்றினின் என்ற கழிவு பெரிதாக ஏறாது. வலியும் இல்லை, வீக்கமும் இல்லை. ஓங்காளம் வரும்போது பெரும்பாலும் கடைசிப் படிகளில்தான் நிற்கிறோம். அதனால் ஒரு மாதமாக ஓங்காளிக்கும் வன்னி விவசாயிக்குக் கமரா விடுவதற்கு முன்பே கிரியற்றினின், பொட்டாசியம், சீனி பார்க்கவேண்டும் என்று நான் அடித்துச் சொல்வேன். அரச வைத்தியசாலையில் அது ஒரு குப்பி இரத்தம், கட்டணமும் இல்லை. பெண்ணாக இருந்தால் கர்ப்பப் பரிசோதனையும் சேரவேண்டும்.

சத்தியை நிறுத்தும் குளிசைகள் உதவும், ஆனால் அவை சில நாளைக்கு உரியவை. மெற்றோகுளோபிரமைட்டை மூன்று மாதத்துக்கு மேல் போட்டால் முகமும் நாக்கும் தானாக நெளியும் நிலை வரலாம்; அது சிலருக்கு மாறாமலே போகிறது. சிறுநீரகம் பழுதானவருக்கு அளவையும் குறைக்கவேண்டும். டொம்பெரிடோன் மூளைக்குள் அதிகம் நுழையாது. காவலில்லாத அந்தப் புள்ளியைத் தொட்டு அடக்குகிறது. ஆனால் இதயத் துடிப்பைக் குழப்பக்கூடியது என்பதால் 2014 இல் ஐரோப்பிய மருந்து முகவரகம் அதைப் பொதுவாக ஒரு கிழமைக்குள் நிறுத்தச் சொன்னது. சத்தியில் போகும் நீரையும் உப்பையும் ஈடுசெய்ய ஜீவனிக் கரைசல் நல்லது. சிறுநீரக நோயாளி மட்டும் கேட்காமல் குடிக்கக்கூடாது. அதில் பொட்டாசியம் இருக்கிறது, அவருடைய குருதியில் அது ஏற்கெனவே கூடியிருக்கலாம்.

செட்டிகுளத்துக்காரருக்குப் பிந்திவிட்டது. கிழமைக்கு இரண்டு மூன்று தரம், ஒவ்வொரு தரமும் நான்கு மணி நேரம், அவருடைய குருதி இயந்திரத்தின் வழியே சுற்றிவருகிறது. இரைப்பைக்கென்று யாரும் எதுவும் கொடுக்கவில்லை. குருதி தெளியத் தெளிய, பிடரிக்குள் இருந்த அந்தப் புள்ளி அமைதியாகிறது. சில கிழமை கழித்து ஒரு மத்தியானம் மனைவி சட்டியைத் திறக்கிறாள். பாரை மீன் குழம்பு. அவர் முகத்தைத் திருப்பவில்லை. "இன்னும் கொஞ்சம் விடு" என்கிறார்.