பலாலியும் சென்னையும்: தூரமும் பறக்கும் நேரமும்

வட்டுக்கோட்டையிலுள்ள ஒருவர்க்குக் கொழும்பு அண்மையா, சென்னை அண்மையா? பள்ளிச் சிறுவன் படப்புத்தகத்தை விரித்து இதனைத் தானே கணித்துவிடலாம். வட்டுக்கோட்டைக்கு அண்மையிலுள்ள பலாலி விமானத் தளம் 9 பாகை 47 கலை வட அகலக்கோட்டில் இருக்கிறது. சென்னை விமான நிலையம் 12 பாகை 59 கலையில் இருக்கிறது. இரண்டும் 80 பாகைக் கிழக்கு நெடுங்கோட்டை ஒட்டியே அமைந்தமையால், ஒன்றுக்கொன்று நேர் வடக்குத் தெற்கு எனலாம். வேறுபாடு 3 பாகை 12 கலை. ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டராகப் பெருக்கினால் 355 கிலோமீட்டர் வரும். இவ்வாறே கணித்தால் கொழும்பை அடுத்த இரத்மலானை 330 கிலோமீட்டர். இரு நகரங்களுக்கும் இடையே யாழ்ப்பாணம் ஏறக்குறைய நடுவில் நிற்கிறது.

இந்த அண்மை நெடுங்காலம் பயன்பட்டு வந்தது. வட்டுக்கோட்டைச் செமினரியில் பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும் 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாயினர். அன்று கடல் ஒன்றே வழி. 1947 டிசம்பர் 10ஆம் நாள் ஏர் சிலோனின் முதல் டக்கோட்டா விமானம் இரத்மலானையிற் கிளம்பி, காங்கேசன்துறையில் இறங்கிச் சென்னைக்குச் சென்றது. விமானிகள் காங்கேசன்துறை என வழங்கியது பலாலித் தளத்தையே.

போர் அவ்வழியை அடைத்தது. சென்னையில் மருத்துவம் வேண்டிய நோயாளியும், மணவீட்டுக்குச் செல்லும் உறவினரும் 350 கிலோமீட்டருக்கு மேல் தெற்கே தரைவழி சென்று, கட்டுநாயக்காவில் விமானமேறி, கடந்துவந்த அகலக்கோடுகளையே மீண்டும் கடந்து வடக்கே பறக்க வேண்டியதாயிற்று. 355 கிலோமீட்டரில் உள்ள ஊருக்கு ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர்ப் பயணம்! போர்க்காலத்தில் அத்தரைவழியும் எல்லா நாளும் திறந்திருந்ததில்லை.

பலாலி 2019 அக்டோபரில் சர்வதேச விமான நிலையமாயிற்று. நவம்பரில் சென்னைச் சேவை தொடங்கியது. 2020இல் தொற்றுநோயால் நின்று, 2022 டிசம்பரில் மீண்டது.

இவ்வழியிற் பறக்கும் ஏ.டி.ஆர். விமானம் சுழல்விசிறி பூட்டியது. மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர் செல்வது. அவ்வேகத்தில் 355 கிலோமீட்டரை முக்கால் மணிக்குள் கடக்கலாமே. கால அட்டவணை ஒரு மணிக்கு மேற்காட்டுவது ஏன்? அட்டவணையின் நேரம், விமானம் நிற்குமிடத்தினின்று நகரத் தொடங்கியது முதல் மறுமுனையில் நிற்கும் வரையிலானது. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லுதல், மெல்ல மேலேறுதல், இறங்க முறை காத்து வட்டமிடுதல் யாவும் அதில் அடங்கும். முழு வேகம் வாய்ப்பது நடுப்பகுதியில் மட்டுமே. மாரிகாலத்தில் முகிற்கூட்டத்தைச் சுற்றிச் சென்றால் மேலும் சில நிமிடங்கள் கூடும்.

இதனாலேயே, 2025 மார்ச்சில் தொடங்கிய திருச்சிராப்பள்ளிச் சேவைக்குத் தூரம் 185 கிலோமீட்டர், அதாவது சென்னைத் தூரத்திற் பாதியளவே ஆயினும், நேரம் பாதியாகவில்லை. ஏறுவதற்கும் இறங்குவதற்கும் செல்லும் நிமிடங்கள் இரு வழியிலும் ஏறக்குறைய ஒன்றே.