டர்போ காருக்குப் பெரிய இன்டர்கூலர் மாட்டலாமா?

சைக்கிளுக்குக் காற்றடித்ததும் பம்பின் அடியைத் தொட்டுப் பாருங்கள், சுடும். டர்போவிலும் அதே கதைதான். 120 டிகிரி செல்சியஸ் காற்றை, அழுத்தம் குறையாமல் 50 டிகிரிக்குக் குளிர வைத்தால் அடர்த்தி சுமார் 22 சதவீதம் கூடும். இது நான் போட்ட கணக்கு. நாக்கிங் தொல்லையும் குறையும்.

சுபாரு இம்ப்ரெஸா டபிள்யூ.ஆர்.எக்ஸ். காரில் இன்டர்கூலர் எஞ்சினுக்கு மேலேயே இருக்கும். டிராஃபிக்கில் நின்றால் எஞ்சின் சூட்டை வாங்கிக்கொள்ளும். அதனால்தான் சிலர் பெரியதாக வாங்கி ரேடியேட்டருக்கு முன்னால் மாட்டுகிறார்கள். ஆனால் குழாய் நீண்டால் அழுத்தம் ஏறத் தாமதம்; ரேடியேட்டருக்குப் போகும் காற்றும் தடைபடும்.

மாட்டி முடித்ததும் ஹோஸ் கிளாம்புகளை இறுக்கி, உள்ளே காற்றை அடைத்து, சோப்புத் தண்ணீர் பூசுங்கள். குமிழி வந்தால் லீக். சென்சார் அளந்த காற்று வழியிலேயே நழுவ, பெட்ரோல் மிஞ்சிக் கரும்புகை வரும். அந்தச் சோதனையை முடிக்காமல் சாவியைத் திருப்ப வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்!