போட்டோ எடுக்க ஓகே என்றால், ஷேர் பண்ணவும் ஓகேவா?
கல்லூரி கல்ச்சுரல்ஸில் தோழி ஆடியதை நண்பர் வீடியோ எடுக்கிறார். இரவுக்குள் அது முகம் தெரியாதவர்களின் ரீல்ஸில் ஓடுகிறது. ‘அவளுக்குத் தெரிஞ்சுதானே எடுத்தேன்’ என்று சொன்னால் போதுமா?

தனிநபர் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விடுதியில் உடை மாற்றும்போதோ குளிக்கும்போதோ பெண்ணைப் படமெடுப்பது, பாரதிய நியாய சன்ஹிதா 77-வது பிரிவின்படி குற்றம். முதல் முறைக்கே 1 முதல் 3 ஆண்டுகள் வரை சிறை. அத்தகைய படத்தை எடுக்க அவர் சம்மதித்திருந்தாலும், பகிரச் சம்மதிக்காவிட்டால் பகிர்வதும் குற்றமே.

மேடை நடனத்துக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. ஆனால், அது சொல்லும் பாடம் பொருந்தும்: எடுக்கும்முன் ஒருமுறை, போஸ்ட் பண்ணும்முன் இன்னொரு முறை கேளுங்கள். ‘டெலிட் பண்ணிடு’ன்னு சொன்னா, காரணம் கேட்காமல் நீக்கிவிடுங்கள்.

அந்தரங்கப் படம் பரவினால், லிங்க், ஸ்கிரீன்ஷாட்டைச் சேமித்து, தேசிய சைபர் க்ரைம் இணையதளத்தில் புகார் அளிக்கலாம்.