டிஸ்கில் இருந்த இடம் எங்கே போயிற்று?

கம்ப்யூட்டரை உபயோகிக்கிறவர்களுக்கு நேரும் சங்கடங்களில் மிகவும் மர்மமானது, புதிதாகப் படமோ பாட்டோ எதையும் சேர்த்துக்கொள்ளாதிருக்கையிலேயே சி டிரைவில் காலியாயிருந்த இடம் நாளுக்கு நாள் குறைந்து, முடிவில் சிவப்புக் கோடு தோன்றி, இனி இடமில்லை என்று யந்திரம் கைவிரித்துவிடுவதுதான். வைரஸ் புகுந்துவிட்டது என்று பீதியடைகிறவர்கள் பலர். டிஸ்க் பழுதாயிற்று என்று கருதிப் புதியதொன்று வாங்கக் கிளம்புகிறவர்களும் உண்டு. ஆனால் நிதானமாக ஆராய்ந்தால், பல சமயங்களில் அந்த இடத்தை விழுங்கியிருப்பது, விண்டோஸ் தன் சொந்த நிர்வாகத்துக்காக எழுதிவைத்த ஃபைல்களே என்பது புலப்படும்.

முதலில், தோற்றத்தில் மட்டுமே உள்ள நஷ்டத்தை உண்மையான நஷ்டத்திலிருந்து பிரித்துக்கொள்வது அவசியம். 1 டி.பி. என்று வாங்கிய டிஸ்கை விண்டோஸ் 931 ஜி.பி. என்று காட்டுவதில் எவ்வித மோசடியும் இல்லை. தயாரிப்பாளர் 100 கோடி பைட்டை ஒரு ஜி.பி. என்று கணக்கிட, விண்டோஸோ 107 கோடியே 37 லட்சத்து 41 ஆயிரத்து 824 பைட்டை ஒரு ஜி.பி. என்று கொள்வதால் விளைந்த பேதமே அது. கம்ப்யூட்டரை நித்திரையில் ஆழ்த்தும் ஹைபர்நேஷன் வசதிக்கென்று ஒதுக்கப்படும் ஃபைல், பழைய நிலைக்குத் திரும்புவதற்கான ரீஸ்டோர் பாயிண்டுகள், புதிய பதிப்புக்கு மாறியபின் சில நாள் தங்கியிருக்கும் விண்டோஸ்.ஓல்டு ஃபோல்டர் ஆகியவையும் பல ஜி.பி. இடத்தைப் பிடித்துக்கொள்ளும்; ஆயினும் இவற்றுக்கெல்லாம் ஒரு பிரயோஜனம் உண்டு, ஓர் எல்லையும் உண்டு.

எல்லையே இல்லாமல் இடம் கரைகிறதென்றால் ஏதோ ஒரு புரோகிராம் தன் கடமையில் தவறுகிறது என்று அர்த்தம். இதற்குச் சிறந்த திருஷ்டாந்தம், 2009 அக்டோபரில் வெளிவந்து உலகெங்கும் புழக்கத்திலிருந்த விண்டோஸ் 7-இல் அநேகர் அனுபவித்த ஒரு கோளாறு. விண்டோஸுக்கு அப்டேட் வரும்போதெல்லாம் நடந்த காரியங்களை ஒன்றுவிடாமல் சி.பி.எஸ். லாக் என்ற ஃபைலில் எழுதிவைப்பது அதன் வழக்கம். சிஸ்டம் ஃபைல்களைச் சரிபார்க்கும் கருவியும் தன் முடிவுகளை அங்கேதான் பதிவு செய்கிறது. இந்தப் பதிவேடு ஓரளவு பெருத்ததும் அதற்கு வேறு பெயரிட்டு, மேக்கேப் என்னும் சிறு புரோகிராமிடம் கொடுத்து, சுருக்கி கேப் ஃபைலாக ஆக்கிவிடுவது ஏற்பாடு. இடத்தை மிச்சப்படுத்துவதற்கென்றே ஏற்பட்ட இந்த ஏற்பாடுதான் விபரீதத்துக்குக் காரணமாயிற்று.

கேப் ஃபைலின் அமைப்பு, 2 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒரு தனி ஃபைலை ஏற்றுக்கொள்ளாது. பதிவேடு அந்த வரம்பைத் தாண்டிவிட்டாலோ, மேக்கேப் பாதி வேலையில் தோல்வியுற்று நின்றுவிடும். நிற்கையில், தான் தற்காலிகமாக எழுதிய, சுமார் 100 எம்.பி. அளவுள்ள ஃபைலை அழிக்காமல் விண்டோஸ் டெம்ப் ஃபோல்டரில் அப்படியே விட்டுவிடும். பதிவேடு சுருக்கப்படாமல் கிடப்பதைக் கண்ட விண்டோஸ் மறுபடியும் அதே வேலையை ஏவும். மறுபடியும் தோல்வி, மறுபடியும் ஒரு 100 எம்.பி. கழிவு. இவ்வாறு டிஸ்க் நிரம்பும் வரை இந்த வீண் முயற்சி நடந்துகொண்டேயிருக்க, அதன் பாரத்தால் கம்ப்யூட்டரின் வேகமும் குன்றிவிடும். டெம்ப் ஃபோல்டரை மட்டும் சுத்தம் செய்தவர்கள் மறுநாளே அது நிரம்பியிருக்கக் கண்டு திகைத்ததன் ரகசியம் இதுதான். வேரை விட்டுவிட்டு இலையைக் கிள்ளியதால் வந்த வினை.

இத்தகைய நோயைக் கண்டறிய, எந்த ஃபோல்டர் எவ்வளவு இடம் கொண்டிருக்கிறது என்று காட்டும் வின்டிர்ஸ்டாட், ட்ரீசைஸ் போன்ற கருவிகள் உதவும். அவற்றை அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையோடு இயக்க வேண்டும். இல்லாவிடில் சாதாரணமாகத் திறக்கவொண்ணாத ஃபோல்டர்கள் கணக்கில் வராமல் போய், கூட்டுத்தொகை பொருந்தாது.

விண்டோஸ் டெம்ப்பில் கேப் என்று தொடங்கும் பெயர்களோடு ஃபைல்கள் குவிந்திருந்தால், அப்டேட் எதுவும் நடைபெறாத சமயம் பார்த்து, சர்வீசஸ் பட்டியலில் விண்டோஸ் மாட்யூல்ஸ் இன்ஸ்டாலரை முதலில் நிறுத்த வேண்டும். பிறகு விண்டோஸ் ஃபோல்டருக்குள் லாக்ஸ், அதனுள் சி.பி.எஸ். என்று சென்று, அங்கே பெருத்துக் கிடக்கும் பழைய பதிவேட்டை அழித்துவிட்டு, அதன் பின்னரே டெம்ப்பில் உள்ள கழிவுகளை நீக்கி, கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். பதிவேட்டை இழப்பதால் விண்டோஸுக்கு அபாயம் இல்லை. பழைய அப்டேட்டுகளில் நேர்ந்த பிழைகளை ஆராயும் வாய்ப்பு மட்டுமே போகும்.

ஆனால் இந்தத் தைரியத்தில், பெரிதாகத் தென்படுகிறதென்று வின்எஸ்எக்ஸ்எஸ் ஃபோல்டரில் கைவைத்துவிடலாகாது. அதிலுள்ள பல ஃபைல்கள் வேறு இடங்களிலும் அதே ஃபைலாகவே இணைக்கப்பட்டிருப்பதால், எக்ஸ்ப்ளோரர் காட்டும் அளவு உண்மையைவிட அதிகம். அதைக் கையால் அழித்தால் கம்ப்யூட்டரே துவங்காமல் போகலாம்.

விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாப்ட் அளித்துவந்த ஆதரவு 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. எனினும் அக்கோளாறு போதிக்கும் முறை எக்காலத்துக்கும் உரியது. இடம் குறைந்தால் அழிக்க அவசரப்படாதீர்கள். எது வளர்கிறது என்று அளந்து, அதை வளர்ப்பது எது என்று விசாரித்து, முக்கியமானவற்றுக்கு பேக்கப் எடுத்துக்கொண்டு, அதன் பிறகே டெலிட் பொத்தானை நாடுங்கள்.